மூன்று பெட்டியிலும் 56கே: எதை வாங்குவது?

கேள்வி: வீட்டில் பென்டியம் 133, 16 எம்.பி. ராம், விண்டோஸ் 95 இருக்கிறது. வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் இணையக் கணக்கு வாங்கப் போகிறேன். ரிச்சி தெருக் கடைகளில் மோடம் (கம்ப்யூட்டரைப் போன் லைன் வழியாக இணையத்தோடு இணைக்கும் கருவி) விசாரித்தால் ஒன்றில் எக்ஸ்2, ஒன்றில் கே56பிளெக்ஸ், ஒன்றில் வி.90 என்று போட்டிருக்கிறது. எல்லாமே 56கே-தானாம், அதாவது நொடிக்கு 56,000 பிட் வேகம். ஆனால் 56கே மோடம் வைத்திருக்கும் நண்பனுக்கு 31,200-க்கு மேல் இணைப்பே கிடைப்பதில்லை. எதை வாங்கலாம்? (வாசகர், சென்னை, 1999)

பதில்: முதலில் ஒரு போன் செய்யுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம். "நான் டயல் செய்யும் எண்ணில் எந்த 56கே ஸ்டாண்டர்ட் ஓடுகிறது?" என்று இணைய நிறுவனத்தில் கேளுங்கள். அவர்கள் பக்கம் 33.6 மோடம்கள்தான் என்றால், உங்கள் பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் 33,600-ஐத் தாண்டாது. உங்கள் நண்பர் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகமே இதுதான்.

காரணம் எளிது. 33.6 வரையிலான வி.34 ஸ்டாண்டர்டில் இரு முனையிலும் சாதாரண தொலைபேசி இணைப்பு இருந்தால் போதும். 56கே அப்படியில்லை. இணைய நிறுவனம் டிஜிட்டல் லைனில் எக்ஸ்சேஞ்சோடு இணைந்திருக்க வேண்டும். அங்கிருந்து வரும் தகவல் உங்கள் வீட்டை அடைவதற்குள் ஒரே ஒருமுறைதான் அனலாக் ஆக, அதாவது சாதாரண போன் லைனில் போகும் அலையாக, மாறலாம். நடுவில் இன்னொரு மாற்றம் நுழைந்தால் கதை முடிந்தது. அலுவலக எக்ஸ்டென்ஷனில் மோடத்தைச் செருகி "வேகமே வரலையே" என்பவர்களுக்கு நேர்வது பெரும்பாலும் இதுதான். இந்த வேகம் உங்களுக்கு வரும் தகவலுக்கு மட்டும். நீங்கள் அனுப்புவது 33.6-லேயே போகும். அமெரிக்காவில்கூட கம்பியில் செலுத்தும் மின்திறனுக்கு உள்ள கட்டுப்பாட்டால் 53,000 சுமாரில் நின்றுவிடுகிறது. ஆக 56,000 என்பது பெட்டிக்கு அழகு. நம் ஊர் லைனில் 44,000 கிடைத்தாலே சந்தோஷப்படுங்கள்.

இனி அந்த மூன்று பெயர்கள். 1997-ல் யு.எஸ். ரோபோடிக்ஸ் எக்ஸ்2-வைக் கொண்டுவந்தது. ராக்வெல்லும் லூசென்டும் கே56பிளெக்ஸோடு எதிரணியில் நின்றன. ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. இரண்டும் சந்தித்தால் சண்டையில்லாமல் வி.34-க்கு இறங்கிவிடும். 1998 பிப்ரவரியில் பொது ஸ்டாண்டர்டான வி.90 உடன்பாடாகி, செப்டம்பரில் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு. முறையான ஒப்புதல் தந்தது. எனவே வி.90 உள்ளதையே வாங்குங்கள். வி.90, கே56பிளெக்ஸ் இரண்டும் சேர்ந்த மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது. இணைய நிறுவனம் இன்னும் பழைய கே56பிளெக்ஸிலேயே இருந்தாலும் தப்பிக்கலாம். எக்ஸ்2 பெட்டி மலிவாக இருக்கிறதே என்று கை நீளும். அது பிளாஷ் மெமரி (உள்ளிருக்கும் மென்பொருளை மாற்றி எழுதக்கூடிய சிப்) வழியாக வி.90-க்கு மாறக்கூடியதா என்று தெரியாமல் தொடாதீர்கள்.

விலை வித்தியாசத்துக்கு ஸ்டாண்டர்டைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மலிவான உள் மோடம்களில் பல 'வின்மோடம்' வகை. மோடம் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை உங்கள் பிராசசர் தலையில் கட்டிவிடும். பென்டியம் 133-ம் 16 எம்.பி.யும் பிரவுசரைத் திறக்கவே மூச்சு வாங்கும்போது இந்தச் சுமை வேறா? டாஸில் அது ஓடவே ஓடாது. மாணவர்கள் வாங்கும், எழுத்து மட்டுமே தெரியும் ஷெல் கணக்கை டாஸ் மென்பொருளில் பயன்படுத்த நினைத்தால் அதோடு சரி. லினக்ஸிலும் தகராறுதான். உங்களுக்கு என் சிபாரிசு, சீரியல் போர்ட்டில் செருகும் வெளி மோடம். விளக்குகளைப் பார்த்தே என்ன நடக்கிறது என்று தெரியும். தொங்கிவிட்டால் கம்ப்யூட்டரை அணைக்காமல் மோடத்தை மட்டும் அணைத்துப் போடலாம். போர்ட்டில் 16550 யூ.ஏ.ஆர்.டி. சிப் (சீரியல் போர்ட்டில் தகவல் போக்குவரத்தைக் கவனிப்பது) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பென்டியத்தில் அநேகமாக இருக்கும். பழைய 486 என்றால் சந்தேகம்.

வி.42 பிழைதிருத்தம், வி.42பிஸ் சுருக்கம் இரண்டும் இப்போது எல்லாவற்றிலும் வருகின்றன. ஏற்கெனவே ஜிப் செய்த கோப்பை இறக்கும்போது சுருக்கத்தால் லாபமில்லை.

வாங்கி மாட்டிய பிறகு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது, ஏமாற்றம் என்பதைவிடப் போலி மகிழ்ச்சி. இணைந்ததும் விண்டோஸ் "115,200" என்று காட்டலாம். அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். லைனின் வேகம் இல்லை. ராக்வெல் சிப் உள்ள மோடமானால், மோடம் பிராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், எக்ஸ்ட்ரா செட்டிங்ஸில் 'டபிள்யூ2' என்று சேர்த்தால் உண்மை எண் தெரியும். அது 31,200 என்று வந்தால் மோடத்தைத் திட்டுவதற்குமுன் வீட்டு வயரிங்கைப் பாருங்கள். அதே லைனில் மாட்டியிருக்கும் பேரலல் போனைக் கழற்றிவிட்டு மறுபடி டயல் செய்யுங்கள்.

பில்லில் வெறும் '56கே மோடம்' என்று எழுத விடாதீர்கள், 'வி.90' என்று எழுதி வாங்குங்கள், டிரைவர் பிளாப்பி பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள். இடி மழை நாளில் கரண்ட் வயரை உருவினால் போதாது, போன் வயரையும் உருவிவிடுங்கள்.