ஒரே ஈரலில் சில செல்கள் மட்டும் ஏன் சாகின்றன?

கேள்வி: என் கொழுந்தனார் காப்பித் தோட்டத்தில் கவ்வாத்து வேலை பார்க்கிறார். காய்ச்சலோடு வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், நாலைந்து நாள் கணக்கு வழக்கில்லாமல் பாராசிட்டமால் போட்டார். தினமும் குடிப்பவர் வேறு. மஞ்சள் காமாலையோடு சேலத்தில் சேர்த்தோம். "ஈரலில் கொஞ்சம் செல்கள் செத்துவிட்டன, மீதி நன்றாக இருக்கிறது, தேறிவிடுவார்" என்றார் டாக்டர். ஒரே மாத்திரை, ஒரே ரத்தம். செத்தவை மட்டும் பலவீனமான செல்களா?
- ஒரு வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: இல்லை சகோதரி. அதிகம் உழைத்தவைதான் செத்தன.

ஈரல் முழுக்க ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்னச் சின்ன அறுகோணங்கள். ரத்தம் ஓரத்தில் நுழைந்து நடுவிலுள்ள சிரைக்கு வடியும். நடுச் செல்கள் கடைமடை வயல் மாதிரி. பிராணவாயு அவற்றுக்குக் குறைவாகவே வந்து சேரும். ஆனால் வெளியிலிருந்து வரும் ரசாயனங்களை மாற்றும் பி450 என்சைம்கள் அங்கேதான் மிகுதி. உங்கள் ஏற்காட்டுக் காப்பியின் கஃபீனை உடைப்பதும் பெரும்பாலும் அவைதான்.

பாராசிட்டமாலில் பெரும்பகுதி தீங்கில்லாமல் சிறுநீரில் போய்விடும். ஒரு சிறு பங்கை மட்டும் இந்த என்சைம்கள் நஞ்சாக மாற்றுகின்றன. அதை அடக்குவது செல்லுக்குள்ளேயே இருக்கும் குளுட்டோதயோன் என்ற பொருள். நடுச் செல்களில் அது குறைவு. மாத்திரை மிஞ்சினால் சீக்கிரம் தீர்ந்துபோகும். தொடர்ந்து குடிப்பவருக்கு நஞ்சாக்கும் என்சைம் கூடிவிடும், குளுட்டோதயோன் குறைந்துவிடும். உங்கள் கொழுந்தனாருக்கு இரண்டு பக்கமும் அடி.

நான் நோய்க்குறியியல்காரன். இப்படிப்பட்ட ஈரலை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் நடுச்சிரையைச் சுற்றி வட்டமாக, உட்கரு மங்கிய வெளிறிய செல்கள். ஓரத்துச் செல்களிலோ உட்கரு உருண்டையாக, பளிச்சென்று இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் மனசு கனக்கும். 2017-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் சுண்டெலி ஈரல் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். அவற்றில் இயங்கும் ஜீன்களில் ஏறத்தாழ பாதி, செல் இருக்கும் இடத்தைப் பொறுத்துக் கூடிக் குறைவது தெரிந்தது.

பிழைத்த செல்கள் பெருகி இடத்தை நிரப்பும். டாக்டர் சொன்னது அதைத்தான். குடியை அவர் அடியோடு விட வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் உண்டு, அட்டையைப் படித்துப் பாருங்கள். யாராவது அளவுக்கு மீறிப் போட்டுவிட்டால் காமாலை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாமலே போகலாம். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப்பலன். மலையிறங்கி வரவே ஒரு மணி நேரம் ஆகும், உடனே கிளம்பிவிடுங்கள்.