வாசகர் கேள்வி - மருத்துவர் பதில்: பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 72. போன மாதம் இரண்டு முறை மயங்கி விழுந்தார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 38. 'கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்', உடனே பேஸ்மேக்கர் வையுங்கள் என்கிறார்கள். ஆஞ்சியோகிராமில் அடைப்பு எதுவும் இல்லையே! மாத்திரையில் சரியாகாதா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: தள்ளிப்போடாதீர்கள். ஆஞ்சியோகிராம் ரத்தக்குழாய்களைத்தான் காட்டும். அப்பாவுக்குப் பழுது இதயத்தின் மின்பாதையில். மேலறையில் உண்டாகும் மின்தூண்டல் கீழறைக்கு வந்து சேரவில்லை. கீழறை தானாகவே மெதுவாகத் துடித்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் துடிப்பை நம்ப முடியாது. சில நொடிகள் நின்றாலே மயக்கம். திரும்பத் தொடங்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதை நிரந்தரமாகச் சரிசெய்யும் மாத்திரை கிடையாது. மின்தூண்டல் கொடுத்து இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவியான பேஸ்மேக்கர்தான் வழி.

ஒன்றை மட்டும் சரிபார்க்க வேண்டும். அவர் எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். மெட்டோபுரோலால், அட்டெனலால், டில்டியாசெம், வெரபமில், டிகாக்சின் எல்லாமே துடிப்பைக் குறைப்பவை. கண் நீர் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் ரத்தத்தில் கலந்து அதையே செய்யும். சொட்டு மருந்துதானே என்று வீட்டில் பலரும் அதைச் சொல்வதே இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம் கூடினாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் துடிப்பு இறங்கும். இந்தப் பரிசோதனைகளை மருத்துவமனையில், மானிட்டரில் இருந்தபடியே செய்ய வேண்டும். வீட்டில் காத்திருந்து அல்ல. தேவைப்பட்டால் கழுத்து அல்லது தொடையிலுள்ள சிரை (ரத்தக்குழாய்) வழியாகத் தற்காலிக பேஸ்மேக்கர் வைத்து அவரைப் பாதுகாப்பார்கள்.

நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷன் இல்லை இது. இடது காரை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, 4-5 செ.மீ. கீறி, சிரை வழியாக ஒன்று அல்லது இரண்டு ஒயர்களை எக்ஸ்ரே பார்த்தபடி இதயத்துக்குள் செலுத்துவார்கள். கருவி தோலுக்கடியில் இருக்கும். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒயர் இடம் நகர்வது, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுவது, கருவி வைத்த இடத்தில் ரத்தம் கட்டுவது ஆகியவை நேரக்கூடிய சிக்கல்கள். எல்லாவற்றிலும் மோசமானது கிருமித்தொற்று. காயம் சிவந்து, வீங்கி, நீர் கசிந்தால் அன்றே போய்க் காட்டுங்கள். தொற்று கருவி வரை போய்விட்டால் கருவி, ஒயர் இரண்டையுமே எடுக்க வேண்டிவரும். நான்கு முதல் ஆறு வாரம் வரை இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். தோளுக்குக் கீழே வழக்கம்போல அசைக்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. தலைசுற்றல், மயக்கம் எதுவும் இல்லை. 24 மணி நேரம் இதயத்துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் பரிசோதனையில் அதிகாலை 3 மணிக்குத் துடிப்பு 41, ஒரு இடத்தில் 3 நொடி இடைவெளி என்று இருக்கிறது. பேஸ்மேக்கர் தேவையா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்த விவரத்தை மட்டும் வைத்து வேண்டாம். தூக்கத்தில் துடிப்பு இறங்குவது இயல்பு. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் தூக்கப் பரிசோதனை செய்து அதற்குச் சிகிச்சை எடுத்தாலே இந்த இடைவெளிகள் குறையக்கூடும். சைனஸ் கணு (மேலறையில் மின்தூண்டலை உண்டாக்கும் இடம்) தளர்ந்ததால் வரும் மெதுவான துடிப்புக்கு பேஸ்மேக்கர் வைப்பது தொந்தரவைப் போக்கத்தான். ஆயுளைக் கூட்ட அல்ல. தொந்தரவே இல்லாதவருக்குக் கருவியின் ஆபத்துகள் மட்டுமே மிஞ்சும்.

ஆனால் ரிப்போர்ட்டில் 'மோபிட்ஸ் 2' (சில மின்தூண்டல்கள் திடீரெனக் கீழறைக்கு வராமல் போவது) என்றோ 'கம்ப்ளீட் பிளாக்' என்றோ இருந்தால் கதை வேறு. அப்போது தொந்தரவு இல்லாவிட்டாலும் பெரும்பாலும் வைக்கத்தான் சொல்வார்கள். "இடைவெளி சைனஸ் கணுவாலா, ஏ.வி. பிளாக்காலா?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். (ஏ.வி. பிளாக் என்பது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான மின்பாதைத் தடை.) முடிவு அந்தப் பதிலில்தான் இருக்கிறது. இனி தலைசுற்றினால் நேரத்தை எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் துடிப்பும் குறைந்திருந்தது என்று பதிவானால்தான் இரண்டுக்கும் தொடர்பு உறுதியாகும். மாதக்கணக்கில் ஒருமுறை வரும் மயக்கம் 24 மணி நேர ஹோல்டரில் அகப்படாது. அதற்குத் தோலுக்கடியில் வைத்து நீண்ட காலம் துடிப்பைப் பதிவுசெய்யும் லூப் ரெக்கார்டர் என்ற சிறு கருவி இருக்கிறது.

கேள்வி: எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறை தாறுமாறாகத் துடிப்பது). சில நேரம் 140, சில நேரம் 40. பேஸ்மேக்கர் வைத்தால் படபடப்பும் நின்றுவிடுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: நிற்காது. அது துடிப்பு குறையாமல் மட்டுமே காக்கும். 140-ஐ அடக்க மாத்திரை தேவை. அந்த மாத்திரையைத் தைரியமாகக் கொடுக்க பேஸ்மேக்கர் வழிவிடும். பக்கவாதத்தைத் தடுக்க ரத்த உறைவு எதிர்ப்பு மருந்து கொடுத்திருந்தால், கருவி வைத்தபின் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: வைத்த பிறகு செல்போன், இண்டக்ஷன் அடுப்பு, எம்.ஆர்.ஐ.?
- வாசகி, மதுரை

பதில்: போனைச் சட்டைப்பையில் வைக்காமல் மறுபக்கக் காதில் பேசுங்கள், கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளியிருந்தால் போதும். இண்டக்ஷன் அடுப்புக்கு 60 செ.மீ. இடைவெளி. மிக்ஸி, டி.வி. பிரச்சினையில்லை. எம்.ஆர்.ஐ.க்குக் கருவி, ஒயர் இரண்டுமே அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். வைப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். மருத்துவமனையில் கொடுக்கும் பேஸ்மேக்கர் விவர அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள். பேட்டரி பொதுவாக 8 முதல் 12 ஆண்டு வரும். தீரும்போது ஒயர்கள் நன்றாக இருந்தால் கருவியை மட்டும் மாற்றுவார்கள். அது எப்போது என்பது பரிசோதனையில் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதால் ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை, டாக்டர் சொன்ன தேதியில் போய்விடுங்கள்.