கிளட்ச் லீவர் இல்லாத க்ரூஸர்: கேள்வி பதில்

250 சிசி ஆட்டோமேட்டிக் க்ரூஸர் பற்றிப் புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். பெல்ட்டில் ஓடும் சிவிடி (கியர் விகிதம் தானாகவே சீராக மாறும் ஏற்பாடு) வகையை வைத்துத்தான் சொல்கிறேன்.

வில்லியனூர்: பார்க்க புல்லட் மாதிரி இருக்கு, கிளட்ச் லீவரே இல்லையே. உள்ளே என்னதான் இருக்கு அண்ணே?

ஸ்கூட்டரில் இருப்பதேதான் தம்பி. 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டாவிலேயே நம்மவர்கள் ஓட்டிப் பழகிய ஏற்பாடு. முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒன்று, நடுவில் ரப்பர் பெல்ட். முன் புல்லிதான் வேரியேட்டர். ஆக்சிலேட்டரைத் திருகத் திருக அதிலுள்ள ரோலர்கள் வெளிப்பக்கம் ஒதுங்கி, புல்லியின் இரண்டு தட்டுகளையும் நெருக்கும். முன்னால் பெல்ட் மேலேறும், பின்னால் உள்ளே இறங்கும். கியர் விகிதம் படிப்படியாக இல்லாமல் ஒரே சீராக மாறும்.

திருப்பாதிரிப்புலியூர்: செகண்ட் ஹேண்டில் ஒன்று பார்த்தேன். கிளம்பும்போது உதறுகிறது. வாங்கலாமா?

பெல்ட் கவரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். கழற்றியதும் கறுப்புத் தூள் கொட்டும், அது சகஜம். பெல்ட்டை மடக்கிப் பார்த்தால் பற்களுக்கு நடுவே வெடிப்பு தெரியக்கூடாது. ரோலரை உள்ளங்கையில் உருட்டுங்கள். ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் நின்றுவிடும். லீவர் இல்லாவிட்டாலும் பின் புல்லியோடு தானாகப் பிடிக்கும் கிளட்ச் ஒன்று உண்டு. உதறலுக்குப் பெரும்பாலும் காரணம் அதன் ஷூ (உரசிப் பிடிக்கும் கட்டை) பளபளவென்று கண்ணாடி ஏறியிருப்பதுதான். அது சின்னச் செலவு. ஆனால் இன்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லை என்றால் பெல்ட் தேய்ந்து வழுக்குகிறது. உங்கள் வண்டிக்கு அளவான பெல்ட் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

முத்தியால்பேட்டை: பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

முடியாது. இன்ஜின் சுற்றினால்தான் கிளட்ச் பிடிக்கும். சக்கரம் சுற்றி இன்ஜினை எழுப்பாது. பேட்டரியை நல்லபடி வைத்திருங்கள்.

ரெயின்போ நகர்: எங்கள் தெருவைத்தான் தெரியுமே சார். மழைத் தண்ணீரில் ஓட்டலாமா?

2024 ஃபெஞ்சல் புயலில் உங்கள் பக்கம் நின்ற தண்ணீரில் எந்த வண்டியையும் இறக்கக்கூடாது. பெல்ட்டைக் குளிர்விக்க அந்த அறைக்குள் காற்று போக வழி உண்டு. அதே வழியில் தண்ணீரும் போகும். பெல்ட் நனைந்தால் வழுக்கும், முறுக்கினால் சூடேறிக் கெடும். கவரைத் திறந்து துடைத்து, காயவிட்டு ஓட்டுங்கள்.

நெல்லிக்குப்பம்: ஏற்காடு போய் இறங்கும்போது இன்ஜின் பிரேக் கிடைக்குமா?

கொஞ்சம்தான். வேகம் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும், வண்டி தானாக உருளும். இறக்குவதற்குக் கீழ் கியர் கிடையாது. இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். சூடானால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

ரெட்டிச்சாவடி: ஹோண்டா இ-கிளட்ச்சும் இதுதானா?

இல்லை. 2024-ல் சிபி650ஆர் பைக்கில் வந்த இ-கிளட்ச்சில் கிளட்ச்சை மோட்டார் பார்த்துக்கொள்ளும், கியரைக் காலால் நாம்தான் மாற்றவேண்டும். ஹோண்டா ரெபல் 1100-ன் டிசிடி (இரட்டை கிளட்ச்) வேறு: ஒற்றைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. இரண்டிலும் இந்த பெல்ட் வேரியேட்டர் இல்லை. எனக்குக் கேட்டால் இ-கிளட்ச்தான் பிடிக்கும்; பழகிய கால் சும்மா இருக்காது.

தவளக்குப்பம்: பையனுக்குப் பதினேழு வயது. கியர் இல்லாத வண்டிதானே, ஓட்டலாமா?

கூடாது. பதினாறு வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசி வரைக்கும்தான். இது 250.