கிருஷ்ணகிரி பக்கம் அப்பா கட்டிய தார்சு வீட்டை ஒப்பந்தக்காரர் இல்லாமல் நாமே பெரிதாக்கிக் கட்ட முடியுமா?

முடியும். பாலக்கோட்டில் என் மாமனார் கட்டிய 640 சதுர அடி வீட்டை 2018-இல் நானே முன்னின்று ஏறத்தாழ இரு மடங்காக்கினேன் என்ற தைரியத்தில் சொல்கிறேன். வீட்டின் வயதை நீங்கள் குறிப்பிடவில்லை. பெற்றோரும் இரண்டு பிள்ளைகளுமாக ஒரே படுக்கையறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறீர்கள், மேலே இரண்டு அறை எடுத்துவிட்டால் போதும் என்று எண்ணுகிறீர்கள் என்பது மட்டும் புரிகிறது. நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். வரைபடத்தில் கை வைப்பதற்கு முன் பழைய சுவரோரம் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பொறியாளர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பொறியாளரே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தருமபுரியிலிருந்து ஒருவரை வரவழைத்து, கம்பி வரைபடத்துக்குத் தனியாகப் பணம் கொடுத்தோம். மொத்த ஒப்பந்தமாக விடாமல், சிமெண்ட், கம்பி, ஜல்லி, எம்-சாண்ட் என்ற செயற்கை மணல் எல்லாவற்றையும் நாங்களே வாங்கிப்போட்டு, மேஸ்திரிக்குக் கூலியை மட்டும் சதுர அடிக் கணக்கில் பேசிக்கொண்டோம். நாமே கட்டுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்தப் பொறியாளர்தான் குழி தோண்டாமல் பேனாவை எடுக்க மாட்டேன் என்றார். முன்பக்கம் தோண்டியபோது கருங்கல் கடைக்கால் மூன்றரை அடி ஆழம் இருந்தது. அதற்குக் கீழே கடப்பாரை இறங்க மறுக்கும் கெட்டிச் சரளை. பின்பக்கம் இருந்த சமையலறை பிற்பாடு, 2003-இல் சேர்த்துக் கட்டியது. அங்கே ஒன்றரை அடியிலேயே கல் முடிந்துவிட்டது. கீழே கறுத்து, கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும் மண். நடுவே ஓர் உடைந்த கண்ணாடி வளையல். வராண்டாவில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “அங்கதானம்மா நம்ம எருக்குழி இருந்துச்சு” என்றார். மூன்று மாதமாகக் கோடு போட்டு அழித்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர அடிக்கு ஏறத்தாழ 30 கிலோ எடை கொண்டது. பன்னிரண்டுக்குப் பத்து அறை என்றால் தளம் மட்டுமே மூன்றரை டன். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் இன்னும் ஒரு டன். எருக்குழியின் மேல் நிற்கும் சுவர் இதைத் தாங்காது என்று தெரிந்ததும், சமையலறைக்கு மேல் கட்டும் எண்ணத்தைக் கைவிட்டு, மேற்குப் பக்கம் இருந்த காலி இடத்தில் தனி அடித்தளம், தனித் தூண்கள் என்று புதிய பகுதியை எழுப்பினோம். பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி விடச் சொன்னார் பொறியாளர். பழையது இறங்க வேண்டிய அளவு இறங்கி முடித்துவிட்டது, புதியது இனிமேல்தான் இறங்கும் என்பது அவர் சொன்ன காரணம். கீழே மாமாவுக்கும் அத்தைக்கும் கழிப்பறையோடு சேர்ந்த அறை, மேலே இரண்டு அறைகள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளூரைடு இருப்பதால்தான் ஒகேனக்கல் தண்ணீரே கொண்டுவந்தார்கள். அதற்குச் சமையலறையில் தனிக் குழாய் போட்டுவிடுங்கள், பிறகு சுவரை உடைக்க நேராது. அனுமதிக்காக நாங்கள் நடந்த நடையை எழுதினால் இந்தப் பதில் முடியாது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. பழைய வீட்டின் வரைபடமும் பத்திரமும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை இரவுதான் வருவார். நான் கணக்கு ஆசிரியை. ஆனாலும் மேஸ்திரியிடம் எதைக் கேட்டாலும் “சார் வரட்டும் டீச்சர்” என்பதே பதிலாக இருந்தது. மூன்று யூனிட் என்று எம்-சாண்ட் வந்த லாரியின் மேல் ஒருநாள் நானே ஏறி, நீளம், அகலம், உயரம் மூன்றையும் டேப் பிடித்து அளந்தேன். முந்நூறு கன அடி இருக்க வேண்டிய இடத்தில் 268 இருந்தது. ஓட்டுநர் வழியில் குலுங்கி அமுங்கிவிட்டது என்றார். பணத்தைக் குறைத்துத்தான் கொடுத்தேன். அன்று மாலையிலிருந்து காலிச் சிமெண்ட் சாக்குகளையும் எண்ணி நோட்டில் எழுதத் தொடங்கினேன். அதற்குப் பிறகு “சார் வரட்டும்” என்ற பேச்சு குறைந்தது. இதைப் பெருமைக்குச் சொல்வதாகச் சிலர் எழுதக்கூடும். பெருமைதான், அதில் எனக்குக் கூச்சமில்லை.

அப்படியிருந்தும் ஏமாந்தேன். ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் பணிக்காக நான் தருமபுரிக்குப் போய்வந்த பத்து நாளில், வெளி மாடிப்படி திரும்பும் இடத்துத் தளத்துக்கு வரைபடத்தில் இருந்த தூணை மேஸ்திரி மிச்சம் பிடித்துவிட்டார். பழைய சமையலறைச் சுவரைக் கொத்தி, கம்பியை உள்ளே செருகிக் கான்கிரீட் போட்டிருந்தார். “நல்லாப் பிடிமானமா இருக்கும் டீச்சர்” என்றார். தளத்தைச் சுற்றிப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியிருந்த நேர்த்தியைப் பார்த்துவிட்டு, நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஐப்பசி மழை இரண்டு முறை பெய்து ஓய்ந்தபின், சமையலறை ஜன்னலின் மேல்மூலையிலிருந்து குறுக்காக ஒரு விரிசல் கிளம்பியது. பழைய சாமிப் படத்துக் கண்ணாடியில் இரண்டு விரல் நீளத் துண்டை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே இரு முனைகளையும் சிமெண்ட் பால் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதச் சொன்னார் பொறியாளர். பூச்சு மட்டும் வெடித்திருந்தால் கண்ணாடி நிற்கும், சுவர் நகர்ந்தால் உடையும் என்றார். பதினாறாம் நாள் காலை அது நடுவில் பிளந்திருந்தது.

இயந்திரம் வைத்து அந்தத் தளத்தைச் சுவரிலிருந்து அறுத்துப் பிரித்து, விட்டுப்போன தூணைக் கட்டி முடிக்க, மிச்சம் பிடித்ததைப் போல நான்கு மடங்கு செலவாயிற்று. செலவை மேஸ்திரி ஏற்கவில்லை. வரைபடத்தில் தூண் இருந்ததற்கு அவர் கையெழுத்து எங்களிடம் இல்லை. நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விரிசலைப் பூசி அடைத்து, இரண்டாவது கண்ணாடித் துண்டை 2019 ஜனவரியில் ஒட்டினோம். அது இன்னும் உடையவில்லை. சுண்ணாம்பு அடிக்க வருகிறவர்கள் அதைச் சுரண்டிவிடாமல் ஒவ்வொரு பொங்கலுக்கும் அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.