வாதத்தில் தோற்றவரை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் மென்பொருள் நிறுவனம் மூன்று வருடத்தில் அறுபது பேராக வளர்ந்துவிட்டது. மூத்த மேலாளர்கள் இருவர் ஆளுக்கொரு தயாரிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒன்றை நிறுத்தியே ஆகவேண்டும். தோற்றவர் வேலையை விட்டுப் போய்விடுவாரோ என்று பயம். பொறுப்பை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துவிடலாமா?

பதில்: பிரிக்காதீர்கள்.

1961ல் அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐபிஎம்மிலும் இதே இழுபறி. கணினி விற்பனை ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நிறுவனத்தின் ஒரு கணினிக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடாது; பெரிய கணினிக்கு மாறும் வாடிக்கையாளர் எல்லாவற்றையும் திரும்ப எழுதவேண்டும். அங்கே மேலாளராக இருந்த பிரெட் புரூக்ஸ் 8000 என்ற புது கணினி வரிசைக்காக உழைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு மேலாளரான பாப் எவான்ஸ் அதை நிறுத்தச் சொன்னார். சிறியது முதல் பெரியது வரை ஒரே நிரல் ஓடும் கணினிக் குடும்பம் வேண்டும் என்பது அவர் கட்சி. மாதக்கணக்கில் மோதினார்கள். தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர், மேலாளர்கள் இப்படி முகத்துக்கு நேரே வாதாடட்டும் என்று நினைப்பவர்.

எவான்ஸ் ஜெயித்தார். அடுத்து அவர் செய்ததுதான் உங்களுக்கான பதில்: தன்னை எதிர்த்த புரூக்ஸையே கூப்பிட்டு, புதிய குடும்பத்தை நீங்களே நடத்துங்கள் என்றார். புரூக்ஸ் திகைத்துப்போனார், ஆனால் ஏற்றுக்கொண்டார். அதுதான் 1964 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360.

சரி, பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? அதையும் வாட்சனே செய்து பார்த்தார். அதே 360க்குப் பொறியியலையும் உற்பத்தியையும் தம்பி டிக் வாட்சனிடமும், விற்பனையை மூத்த அதிகாரி வின் லியர்சனிடமும் கொடுத்தார். இருவரும் போட்டியாளர்கள். ஆர்டர்கள் குவிந்தன, உற்பத்தி திணறியது. கடைசியில் முழுப் பொறுப்பும் லியர்சனுக்குப் போனது, தம்பி ஓரங்கட்டப்பட்டார். அந்த வருத்தம் அண்ணன் வாட்சனைக் கடைசிவரை விடவில்லை. எனக்கு அவரிடம் பெரிய மரியாதை உண்டு, ஆனாலும் இது தவிர்த்திருக்கக்கூடிய காயம்.

ஆகவே இருவரையும் உங்கள் முன்னால் உட்காரவைத்து முழுதாக வாதாட விடுங்கள். தேதி குறித்து, அன்றைக்கே முடிவைச் சொல்லுங்கள். ஊழியர்கள் எல்லோருக்கும் அறிவிப்பதற்கு முன்னால், தோற்றவரிடம் தனியாகப் பேசுங்கள். ஆறுதல் வார்த்தை போதாது. ஜெயித்த தயாரிப்பிலேயே அவருக்கு முழு அதிகாரமுள்ள ஒரு வேலையைச் சொல்லி, அதற்கான ஆட்களின் பெயர்களையும் அப்போதே கையில் கொடுங்கள்.