குழந்தையின் முழங்கை முறிவுக்குப் புத்தூர் கட்டு போடலாமா?

கேள்வி: ஆந்திர-தமிழக எல்லையில் இருக்கும் நகரியில் தறி ஓட்டும் குடும்பம் எங்களுடையது. ஏழு வயது மகன் மதிலிலிருந்து விழுந்து முழங்கை வீங்கிவிட்டது. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்து, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு உடைந்து விலகியிருக்கிறது, கம்பி வைக்க வேண்டிவரும் என்று அரை மாவுக்கட்டு போட்டுத் திருப்பதிக்கு எழுதிக் கொடுத்தார்கள். மாமியாரும் தெருவில் எல்லோரும் புத்தூரில் நாட்டு வைத்தியர்கள் மூங்கில் பத்தை வைத்துப் போடும் புத்தூர் கட்டே போதும் என்கிறார்கள். என்ன செய்வது?

எலும்பு மருத்துவரின் பதில்: இவரிடம் அன்றே போனில் பேசிவிட்டேன். இதே குழப்பம் எல்லைப் பக்கம் பல வீடுகளில் இருப்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

நேரே திருப்பதிக்குப் போங்கள். பஸ் புத்தூர் வழியாகத்தான் போகும், அங்கே இறங்கிவிடாதீர்கள்.

உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த முறிவுகள் சேர்ந்திருக்கும். அசையாமல் வைத்தால் பெரும்பாலான எலும்புகள் தானாகச் சேரும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். வேலை செய்தது உடம்பு, பேர் வாங்கியது மூங்கில் பத்தையும் பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும். (அந்த முட்டையைப் பையனுக்கு அவித்துக் கொடுத்தாலாவது புரதம் சேரும்.) கை கோணிப்போனவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள், அவர்களை யார் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்?

இன்னொன்றும் உண்டு. கட்டுப் போட்டுக் கெட்டுப்போனால் ‘தலையெழுத்து’ என்பார்கள். ஆஸ்பத்திரியில் கெட்டுப்போனால் ‘அப்பவே சொன்னோமே’ என்று பழி மருமகள் மேல் விழும். அந்தப் பயத்தில்தான் பல தாய்மார்கள் தலையாட்டிவிடுகிறார்கள்.

முழங்கை மற்ற இடங்களைப் போல இல்லை. முன்பக்கமாகக் கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும் பக்கத்திலேயே நரம்புகளும் ஓடுகின்றன. விலகிய எலும்பின் முனை அங்கேதான் குத்திக்கொண்டு நிற்கும். அடிபட்ட ஒன்றிரண்டு நாள் வீக்கம் ஏறும். அந்த நேரத்தில் சுற்றிலும் பத்தை வைத்து இறுக்கினால் உள்ளே ரத்த ஓட்டம் நின்றுபோகும். ஆறு மணி நேரம் போல அப்படி இருந்தாலே தசை செத்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். இறுகிய கட்டால் இப்படி ஆவதை ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் 1881-லேயே எழுதிவிட்டார். உங்களுக்கு அரை மாவுக்கட்டு போட்டதும் வீக்கத்துக்கு இடம் விடத்தான். அதைத் ‘தளர்வாக இருக்கிறது’ என்று யாரும் இறுக்க வேண்டாம்.

கம்பி என்றதும் பெரிய ஆபரேஷன் என்று நினைக்கிறார்கள். மயக்கம் கொடுத்து, எலும்பை நேராக்கி, தோல் வழியாக இரண்டு மூன்று மெல்லிய கம்பிகள். பெரும்பாலும் கத்தியே படாது. மூன்று நான்கு வாரத்தில் உருவிவிடுவார்கள்.

இதை அரசு மருத்துவமனையில் இரண்டு நிமிடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். நம் ஊர்களில் சீட்டில் ‘ரெஃபர்’ என்று எழுதிவிட்டால் கடமை முடிந்தது. எங்கே போவது, யாரைப் பார்ப்பது, ஆந்திரா காப்பீட்டு கார்டா தமிழ்நாடு காப்பீட்டு கார்டா, எது எங்கே செல்லும் என்று சொல்ல ஆள் கிடையாது. அந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைகிறான். ‘புத்தூர் கட்டு’ என்ற போர்டு இன்று சென்னை வரை தொங்குகிறது. புத்தூரையே பார்க்காதவர்கள்கூட மாட்டியிருக்கிறார்கள். எக்ஸ்ரே வேண்டாம், தடவிப் பார்த்தே சொல்வேன் என்பவரிடம் குழந்தையைக் கொடுக்காதீர்கள். கமிஷனுக்கு அங்கே கொண்டுபோய் விடும் ஆட்டோக்காரரையும் நம்பாதீர்கள். திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை வாசலில் ‘உள்ளே பெட் இல்லை, தெரிந்த நர்சிங் ஹோம் இருக்கு’ என்று யாராவது வந்தால் அதுவும் அதே தொழில்தான், காதில் வாங்காமல் உள்ளே போங்கள். கட்டு பிரித்த பிறகு எண்ணெய் போட்டு முழங்கையை நீவவும் விடாதீர்கள். நீவினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளலாம். குழந்தை விளையாடும்போது தானாகவே மடக்க ஆரம்பிக்கும்.

ஒரு விதிவிலக்கு. விலகாத வெறும் விரிசல் என்றால் கம்பி வேண்டாம், மாவுக்கட்டு மூன்று வாரம் போதும். அதற்கும் ஆபரேஷன் என்று யாராவது அவசரப்படுத்தினால் எக்ஸ்ரேயை இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். விலகியிருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி, அதை எக்ஸ்ரேதான் சொல்லும், வீக்கமோ வலியோ சொல்லாது. விரிசல்தான் என்று தெரிந்தாலும், ‘அப்போ புத்தூர் கட்டே போடலாமே’ என்று திரும்பி வராதீர்கள், வீக்கம் அதிலும் உண்டு.

இதற்குள் யாராவது கட்டிவிட்டிருந்தால், விரல் நுனி வெளுத்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டிவிடும்போது பையன் அலறினாலோ, யாரையும் கேட்காமல் வீட்டிலேயே கத்தரியால் வெட்டிப் பிரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எக்ஸ்ரே படத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் இட்லி, பிஸ்கட் எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரமாவது வயிறு காலியாக இருக்க வேண்டும், சாப்பிட்டிருந்தால் இன்றைய ஆபரேஷன் நாளைக்குப் போய்விடும்.