கொடைப் படங்களுக்கு வெப்சைட் எதற்கு?

கேள்வி: எங்கள் ஊர் வள்ளியூர் பக்கம். அம்மன் கோவில் கொடையில் (திருவிழாவில்) எடுத்த 640 படங்கள் பென்டிரைவில் இருக்கின்றன. இரண்டு கேமராவில் எடுத்தவை, போக பையன்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. மும்பையிலும் சவூதியிலும் இருக்கும், கோவிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர்கள் வரிசையாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் வெப்சைட் போட்டுத் தர 9,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்த மாதிரி வேலையில் டொமைனும் (வெப்சைட் முகவரி) ஹோஸ்டிங்கும் (அதை வைத்திருக்கும் இடம்) பெரும்பாலும் போட்டுத் தருபவர் பெயரில்தான் இருக்கும். அடுத்த கொடை வருவதற்குள் ‘புதுப்பிக்கணும்’ என்று வந்து நிற்பார். பணம் தராவிட்டால் லிங்க் செத்துப்போகும், படமும் போகும்.

கோவில் பெயரில் புதிதாக ஒரு கூகுள் கணக்கு திறந்து கூகுள் போட்டோஸில் ஏற்றினால் போதும். கணக்கில் நிர்வாகி ஒருவருடைய போன் நம்பரே இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரர் தன் நம்பரைப் போட்டுத் திறந்து கொடுத்தால், அது அவர் கணக்கு, உங்களுடையதல்ல. படம் ஒன்று 5 எம்பி என்றாலும் மொத்தம் 3.2 ஜிபிதான், இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மெயிலும் கூகுள் டிரைவும் அதே 15-க்குள்தான். அதனால்தான் சொந்தக் கணக்கு வேண்டாம் என்கிறேன். இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்கை அழித்துவிடவும் செய்வார்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது உள்ளே போய் வாருங்கள்.

இனி வரிசை. எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். படத்துக்கு 001, 002 என்று பெயர் போட்டுப் பயனில்லை. கூகுள் போட்டோஸ் பார்ப்பது எடுத்த நேரத்தை. ஒரு கேமராவில் ஏஎம், பிஎம் மாறிக் கடிகாரம் 12 மணி நேரம் பின்னால் இருந்தால், ராத்திரி பன்னிரண்டரைக்கு எடுத்த சாமக்கொடை, முந்தின பகல் பன்னிரண்டரை என்று பதிவாகி மதியக்கொடைக்கு நடுவில் வந்து உட்காரும். ஆகவே இரண்டு கேமராவிலும் ஒரே காட்சியை எடுத்த படம் ஒன்றைத் தேடி, நேரத்தை ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், கம்ப்யூட்டரில் அந்தக் கேமராவின் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, மூன்று புள்ளி மெனுவில் ‘எடிட் டேட் அண்ட் டைம்’, அதில் ‘ஷிஃப்ட்’. முதல் படத்துக்குச் சரியான நேரத்தைக் கொடுத்தால் மற்றவை அதே அளவு நகரும். அதன் பிறகு ஆல்பத்தை ‘ஓல்டெஸ்ட் ஃபர்ஸ்ட்’ என்று அடுக்குங்கள்.

வாட்ஸ்அப் படங்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதோடு எடுத்த நேரத்தையும் உரித்துவிடுகிறது. என்றைக்கு அனுப்பினார்களோ அந்தத் தேதிதான் மிஞ்சும். கொடை தொடங்கும் குடியழைப்புப் படம், கடைசியில் வரும் மஞ்சள் நீராட்டுக்குப் பின்னால் கிடக்கும். பையன்களிடம் ‘டாக்குமெண்ட்’ ஆக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள், நேரமும் தரமும் அப்படியே வரும். போனில் அழித்துவிட்டார்களா? ஆல்பத்துக்குள் கையால் இழுத்து வையுங்கள்.

லிங்க் எடுக்கும்போது இருப்பிடத்தைக் காட்டும் வசதியையும், மற்றவர்கள் படம் சேர்க்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பார்ப்பவருக்குக் கூகுள் கணக்கு தேவையில்லை. ஆனால் லிங்க் கிடைத்த எவரும் படத்தை இறக்கிக்கொள்ளலாம். முளைப்பாரி எடுத்த பெண்பிள்ளைகளின் நெருக்கமான படங்களை வீட்டாரைக் கேட்காமல் போடாதீர்கள்.

தானாக ஓடவேண்டுமென்றால், கம்ப்யூட்டரில் முதல் படத்தைத் திறந்து மூன்று புள்ளியில் ‘ஸ்லைடுஷோ’. 640 படமும் ஐந்து ஐந்து வினாடி என்றால் 53 நிமிடம், யாரும் உட்காரமாட்டார்கள். தொட்டதும் ஓடும் லிங்க் தனியாக வேண்டுமா? நல்ல 80 படத்தைப் பொறுக்கி, நீளப் பக்கம் 1920 பிக்சலுக்குச் சுருக்கி, பவர்பாயிண்டில் ‘இன்சர்ட்’, ‘போட்டோ ஆல்பம்’ வழியாக ஒரே மூச்சில் சேருங்கள். கோப்பு 100 எம்பியைத் தாண்டினால் கூகுள் ஸ்லைட்ஸாக மாறாது, சுருக்கச் சொல்வது அதற்குத்தான். கூகுள் டிரைவில் ஏற்றி, ஸ்லைட்ஸில் திறந்து, ஸ்லைட்ஸ் கோப்பாக மாற்றி, ‘பப்ளிஷ் டு வெப்’ கொடுத்து, 5 வினாடி என்று வைத்தால் ஏழு நிமிடத்துக்குள் முடியும்.

ஃபிளெக்ஸில் கியூஆர் கோடு போடுவதாக இருந்தால், ‘இலவசம்’ என்று கூவும் தளங்களை நம்பாதீர்கள். பல தளங்கள் தங்கள் லிங்க் வழியாகச் சுற்றி அனுப்பும் கியூஆர் கோடு ஒன்றைத் தந்து, சில நாளில் முடக்கிவிட்டுப் பணம் கேட்கும். குரோமில் ஆல்பத்தின் பகிர்ந்த லிங்கைத் திறந்து, ஷேர் மெனுவிலேயே கியூஆர் கோடு எடுங்கள். ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன் வேறொருவர் போனில் ஸ்கேன் செய்து, நேராக ஆல்பம் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.